ஊர்கூடித் தேடிய வானம்

நுழையும்முன்

புவிக்கு அப்பால் அறிவுடைய உயிர்கள் உண்டா? இவ்வினாவுக்கு விடைதேட, உலகெங்கும் உள்ள எளிய மக்கள் தம் வீட்டுக் கணினிகளின் ஓய்வுநேரத்தைக் கொடையாக அளித்தனர். அம்முயற்சியின் இயல்பையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

இரைச்சலும் குரலும்

குற்றால அருவியின் அருகே நின்று பேசுவோரின் குரல் ஒருவருக்கொருவர் கேட்பதில்லை. பேரிரைச்சல் பேச்சை மூடிவிடுகிறது. வானியல் அறிஞர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இத்தகையதே. விண்பொருள்கள் இடையறாது வானொலி அலைகளை வெளியிடுகின்றன. கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகை அருகே அமைக்கப்பெற்று, 1970 முதல் இயங்கிவரும் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி இத்தகைய அலைகளையே ஆராய்கிறது. இயற்கை அலைகள் பெரும்பாலும் பல அதிர்வெண்களில் பரவியிருக்கும். செயற்கைக் குறிப்பலையோ குறுகிய அதிர்வெண்ணில் குவிந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. அதனைப் பிரித்தறிய மாபெரும் கணிப்புத்திறன் தேவை.

பங்கிட்ட பணி

தென்காசியை அடுத்த வடகரை போன்ற பாசன ஊர்களுக்குக் குளமே உயிர். குளம் வற்றும் கோடையில் ஊரார் கூடித் தூர்வாரி, கரையையும் மடையையும் சீர்செய்யும் வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். ஒருவரால் இயலாத பணி, பங்கிட்டபோது எளிதாயிற்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாக அறிஞர்கள் கையாண்டதும் இந்நெறியே. 1999 மே 17 அன்று அவர்கள் 'செட்டி அட் ஹோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள அரசிபோ தொலைநோக்கியின் பதிவுகள், ஏறத்தாழ 107 வினாடி அளவுள்ள சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. அவை இணையத்தின்வழி வீட்டுக் கணினிகளுக்குச் சென்றன. உரிமையாளர் பயன்படுத்தாத வேளையில் கணினி அக்கூறினை ஆராய்ந்து முடிவை அனுப்பியது. பிழை நேராதிருக்க ஒரே கூறு ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்குத் தரப்பட்டது. 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்பணியில் பங்கேற்றனர். மின்செலவையும் அவர்களே ஏற்றனர்.

வீண் உழைப்பா?

2020 மார்ச் 31 அன்று புதிய கூறுகளை அனுப்பும் பணி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 21 ஆண்டுகள் தேடியும், வேற்றுலகினருடையது என உறுதிசெய்யப்பட்ட குறிப்பலை ஒன்றும் கிடைக்கவில்லை. எனில், இவ்வுழைப்பு வீணா?

அன்று. தேடிய பகுதியில், தேடிய வகையில் ஒன்றும் அகப்படவில்லை என அறிவதும் அறிவே. அடுத்துத் தேடுவோர்க்கு அது வழிகாட்டும். மேலும், பங்கிட்டுக் கணிக்கும் இம்முறை பிற துறைகளுக்கும் பரவியது. 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' என்னும் திட்டத்தில் இணைந்த வீட்டுக் கணினிகள், அதே அரசிபோ தொலைநோக்கியின் வேறு பதிவுகளிலிருந்து துடிப்பு விண்மீன் ஒன்றை 2010இல் கண்டறிந்தன.

மழை வரும் என்னும் உறுதி பெற்றபின் எவரும் குளத்தைத் தூர்வாருவதில்லை. வரும்போது ஏற்பதற்கு ஆயத்தமாய் இருப்பதே உழவர் அறம். அறிவியலின் அறமும் அதுவே.

தெரியுமா?

'செட்டி அட் ஹோம்' திட்டத்தை நடத்தியோர் உருவாக்கிய 'பாயிங்க்' என்னும் மென்பொருள், புரதங்களின் வடிவம், காலநிலை மாற்றம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டுள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பெரியோரிடம் குடிமராமத்துப் பற்றிக் கேட்டறிந்து, அதனைக் கணினிக்கொடையுடன் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'கிடைக்காத விடையும் அறிவே' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.