காது சொன்ன பொய்



அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நவார் என்று ஒரு கடலோர ஊர். அங்குள்ள பூங்காவில், பயிற்சியின்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்த 11 பேருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சண்டையில செத்தாத்தானே நினைவுச்சின்னம்? பயிற்சிக்கு எதுக்கு?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

2015 மார்ச் 10 இரவு, இரண்டு 'பிளாக் ஹாக்' ஹெலிகாப்டர்கள் பயிற்சிக்குக் கிளம்பின. கடுமையான மூடுபனி. ஒன்று பத்திரமாகத் திரும்பியது. மற்றதும் திரும்பத்தான் பார்த்தது. ஆனால் கடல்நீரில் விழுந்துவிட்டது. லூசியானா தேசியக் காவல் படையின் 4 பேரும், மரைன் வீரர்கள் 7 பேரும் இறந்தார்கள். வெளியே பார்த்து ஓட்டுவதை விட்டு, கருவிகளைப் பார்த்து ஓட்ட மாறும் நேரத்தில் விமானிகளுக்குத் திசையுணர்வு தப்பியதாக விசாரணையில் தெரிந்தது.

அனுபவசாலிகளுக்கே எப்படி?

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு என்று படித்திருக்கிறோம். தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் பின்தங்கி, நுண்ணிய உணர்முடிகளை வளைக்கும். உடனே மூளைக்குத் 'திரும்புகிறோம்' என்று தெரியும். ஆனால் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது காது, 'நேராத்தான் இருக்கோம்' என்று பொய் சொல்லும்! பகலில் கண் அதைத் திருத்தும். மூடுபனியில் கண்ணுக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது.

செய்து பார்த்தோம்

என் தோழியைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, ஒரே சீராகச் சுற்றினோம். கொஞ்ச நேரத்தில், "ஏன்டி நிறுத்திட்டீங்க?" என்றாள். நாங்கள் நிறுத்தவே இல்லை! நிறுத்தியதும், "இப்ப ஏன் எதிர்ப்பக்கம் சுத்துறீங்க?" என்று கத்தினாள். (நீங்கள் செய்தால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள்.)

அவளுக்கு அது விளையாட்டு. விமானிக்கு உயிர். அதனால்தான், உடம்பு என்ன சொன்னாலும் கருவியை நம்பு என்று பழக்குகிறார்கள். நம் குன்னூர் அருகே 2021 டிசம்பர் 8-ல் நடந்த ஹெலிகாப்டர் விபத்துக்கும், மேகத்துக்குள் நுழைந்ததால் ஏற்பட்ட இதே திசைக் குழப்பத்தைத்தான் விமானப்படை காரணமாகச் சொன்னது.

என் பதில்

இருட்டும் பனியும் கடலும், பயிற்சி என்பதால் பாதி ஆபத்தோடு வருவதில்லை. நிஜமாக ஒருநாள் தேவைப்படும் என்றுதான் அவர்கள் அந்த இருட்டில் பழகினார்கள். 2016-ல் மரைன் வீரர்கள், விபத்து நடந்த இடத்தில் கிடைத்த ஒரு துடுப்பைக் கை மாற்றிக் கை மாற்றி, நவாரிலிருந்து தங்கள் முகாம் வரை 770 மைல் (சுமார் 1240 கி.மீ.) நடந்தே கொண்டுபோனார்கள். அவர்கள் யாரும் "பயிற்சிதானே" என்று நினைக்கவில்லை.

பின் பெஞ்ச் நண்பா, இப்ப நீ சொல்லு!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி