கொடுவா வளர்ப்பு: குஞ்சுகளைத் தரம் பிரிப்பது அவசியம்

தென் துருவத்தை ஒட்டிய குளிர்கடலின் ஆழத்தில் வாழும் படகோனியப் பல்மீன், அமெரிக்க ஓட்டல்களில் 'சிலி சீ பாஸ்' என்ற பெயரில் உயர்ந்த விலைக்குப் போகிறது. 1977ல் லீ லாண்ட்ஸ் என்ற மீன் வியாபாரி விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. மெதுவாக வளரும் இம்மீன் 1990களில் கள்ளத்தனமாக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் பல இடங்களில் குறைந்து போனது.

நம் நாட்டில் 'சீ பாஸ்' எனப்படுவது கொடுவா. அது வேறு இனம். இதைக் குளத்திலேயே வளர்க்கலாம். உவர்நீர், நன்னீர் இரண்டிலும் வளரும். எனவே காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகள் நெல் வயல் பக்கம் உப்பு நீரைக் கொண்டுவர வேண்டியதில்லை. இருக்கும் நன்னீர்க் குட்டையே போதும்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ல் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தது. பின்னர் சீர்காழியை அடுத்த தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் பொரிப்பகம் அமைத்தது.

தரம் பிரித்தல்

கொடுவா ஊன் உண்ணி. தன் நீளத்தில் பாதி அளவுள்ள தன் இனக் குஞ்சையே விழுங்கிவிடும். பலவித அளவுக் குஞ்சுகளை ஒன்றாக விட்டால் நஷ்டம் அங்கேயே தொடங்குகிறது. வாங்கிய ஆயிரத்தில் நானூறு போனால், மீதி அறுநூறுதான் ஆயிரத்தின் விலையையும் சுமக்க வேண்டும்.

எனவே குஞ்சுகளை நேரே குளத்தில் விடாமல், குளத்தினுள் கட்டிய நைலான் வலைத்தொட்டியில் ஒன்று, ஒன்றரை மாதம் வளர்க்க வேண்டும். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறுமுன், பெரியது, நடுத்தரம், சிறியது எனப் பிரித்துத் தனித்தனி வலையில் விட வேண்டும். தினமும் மூன்று, நான்கு வேளை தீனி கொடுக்க வேண்டும். பசித்த குஞ்சு பக்கத்துக் குஞ்சைத்தான் பிடிக்கும். விரல் நீளம் வந்தபின், ஒரே அளவுள்ளவற்றைக் குளத்தில் விடலாம்.

கவனிக்க வேண்டியவை

பொரிப்பகக் குஞ்சு உப்பு நீரில் வளர்ந்தது. உப்பைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்த பிறகே நன்னீரில் விட வேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகள் உள்ள குளத்தில் கொடுவாவை விடக் கூடாது. ஜிலேபி கெண்டையை முன்னரே விட்டுப் பெருக்கினால் அதன் குஞ்சுகள் தீனியாகும். மீன் வாய்க்காலுக்குத் தப்பாமல், வடிகால் குழாயில் வலை கட்ட வேண்டும்.

குஞ்சு வாங்குமுன் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை பெறுவது நல்லது.