திருப்புளியை எடுக்கும் முன்

கண்ணு, நம் பள்ளிபாளையத்திலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. பாலம் தாண்டி ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இங்கேயே பார்த்துத் தர ஒரு நல்ல ஆள் வேண்டும். "இந்த ஆல்-இன்-ஒன்னில் கிராபிக்ஸ் கார்டு மாத்தித் தருவீங்களா?" என்று உன்னிடமும் வந்து கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

1. மெஷினைத் தொடும் முன் வேலையைக் கேள். ஜக்கார்டு டிசைன் போடும் ஒருவர், படம் திறக்கவே நேரமாகிறது, நல்ல கார்டாகப் போடுங்கள் என்று வந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, "நீங்கள் எப்போதும் போல வேலை செய்யுங்கள்" என்றேன். ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் பக்கம் அசைவே இல்லை. ஒரு எஸ்எஸ்டி போட்டேன். ஒற்றையாக இருந்த ரேமுக்கு ஜோடியாக இன்னொன்று சேர்த்தேன். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. ஜோடி சேர்ந்தால் அதற்கும் பாதை அகலமாகும். கேட்டதைக் கொடுப்பவன் வியாபாரி, வேண்டியதைக் கொடுப்பவன் மெக்கானிக்.

2. 'முடியாது' என்று முகம் பார்த்துச் சொல்லப் பழகு. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெரும்பாலான ஆல்-இன்-ஒன்கள் திரைக்குப் பின்னால் ஒட்டிவைத்த லேப்டாப்தான். கிராபிக்ஸ் ப்ராசஸரிலேயே இருக்கும், இல்லையென்றால் போர்டில் பற்றவைத்திருக்கும். கார்டு செருகும் ஸ்லாட்டே இருக்காது. அடாப்டரின் அடியில் இருக்கும் எழுத்தைப் படி. 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்கு: 120 வாட். திரை, ப்ராசஸர், டிஸ்க் எல்லாம் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சின்ன கார்டே தனியாக 75 வாட் கேட்கும். மகனுக்குக் கேம் ஓட வேண்டும் என்று ஒரு தறிக்காரர், போனஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முன்னால் நின்றார். என் ஆசான் இந்தப் பெருக்கலைக் காகிதத்தில் போட்டுக் காட்டி, "இதில் காசு போடாதீங்க, இன்னும் கொஞ்சம் சேர்த்து கேபினெட் வைத்த மெஷினாக வாங்குங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கல்லாவில் ஒன்றும் விழவில்லை. அந்தத் தறிக்காரர் பிறகு தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் அங்கேதான் அனுப்பினார்.

3. எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்று சொல்லிப் பழகிவிடாதே. அது சோம்பேறித்தனம். மாற்றக்கூடிய மெஷின்களும் உண்டு. மாடலும் வருடமும் பார்த்துச் சொல். 2009 முதல் 2011 வரை வந்த 27 அங்குல ஐமேக்கில் கிராபிக்ஸ் தனிப் பலகையாக, எம்எக்ஸ்எம் என்ற வகையில் இருக்கும். முன் கண்ணாடியைக் காந்தம்தான் பிடித்திருக்கும். உறிஞ்சு கப் வைத்து இழுத்தால் வந்துவிடும். 2012 கடைசியில் வந்த மாடலிலிருந்து கண்ணாடியைப் பசை டேப் வைத்து ஒட்டி, கிராபிக்ஸையும் போர்டில் பற்றவைத்துவிட்டார்கள். அதே 2012-ல் எச்பி கொண்டுவந்த இசட்1, கார் பானட் போலத் தூக்கித் திறக்கும். உள்ளே 400 வாட் சப்ளை. அப்படி ஒன்று உன் மேசைக்கு வந்தால் நிதானமாகத் திறந்து பார். செய்தவர்கள் பின்னால் வரப்போகும் மெக்கானிக்கையும் நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. எம்எக்ஸ்எம் பலகை ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டதாலேயே வேலை செய்யும் என்று இல்லை. பயாஸ் அதை ஏற்க வேண்டும், ஹீட்சிங்க்கின் திருகுத் துளைகள் பொருந்த வேண்டும். எம்எக்ஸ்எம் 3.0-ல் ஏ வகை 70 மில்லிமீட்டர், பி வகை 105. பணம் அனுப்பும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடு.

4. பழைய கார்டுக்கு உன் வாக்கைப் பிணை வைக்காதே. ஆப்பிளே 2011 மாடல் 27 அங்குல ஐமேக்கில் இருந்த ஏஎம்டி 6970எம் கார்டுகள் சில பழுதாகின்றன என்று ஒப்புக்கொண்டு, 2013-ல் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. இன்று இந்தப் பலகைகள் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றியதாகத்தான். "பழையது, எத்தனை நாள் என்று சொல்ல முடியாது" என்று பில்லிலேயே எழுதிக் கொடு. செத்த கார்டை ஓவனில் சுட்டு உயிர் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். சில வாரம் ஓடும், பிறகு படுத்துவிடும். அந்தச் சில வாரத்துக்குக் காசு வாங்கினால் அது திருட்டு, கண்ணு.

5. அந்தப் பழைய ஐமேக்கில் பவர் சப்ளை மூடியில்லாமல் உன் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். அவசரம் உள்ள நாளில் அதைத் திறக்காதே.

6. நம் ஊர்ப் பஞ்சை முதலில் சந்தேகப்படு. தறிப்பட்டறையை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் மெஷின் அரை மணியில் இழுக்க ஆரம்பிக்கும். புது கார்டுக்குத் தயாராக இருந்தார்கள். பின்மூடியைக் கழற்றினால் ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒரு விரற்கடைக்குப் பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. சூடு ஏறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் நோய். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், அதன் வேகத்துக்குச் சுற்றவிடாதே. காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிது தடவு. எடுத்த பஞ்சை அவர்கள் கண்ணில் காட்டு. துடைத்த கூலியை மட்டும் வாங்கு.

7. மெஷினுக்குள்ளே இருப்பது கொண்டுவந்தவர்களின் பிழைப்பு. திறக்கும் முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள். ஆனால் எதையும் திறந்து பார்க்காதே. புது பார்டர் டிசைன் ஒன்று பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டால் ஒரு பட்டறையின் தீபாவளி ஆர்டரே போய்விடும். ஒரு பென் டிரைவ் நீட்டி, "சும்மா ஒரு காப்பி போட்டுக் குடு தம்பி" என்று உன்னிடமும் யாராவது கேட்பார்கள்; தெரிந்தவராகவே இருப்பார். மாட்டேன் என்று சொல். மெஷின் சரியாக ஓடுகிறது என்று உரிமையாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, நீ எடுத்த காப்பியை அவர் கண்முன்னாலேயே அழித்துவிடு.