“செயலாளர் வரலையா?”

சங்கத்தின் வட்டாரக் கிளைச் செயலாளர் என்றால் வெளியே தெரிவது மேடையும் சால்வையும்தான். உள்ளே கிடக்கும் வேலை வேறு. ஒருவர் பணிப்பதிவேட்டில் மருத்துவ விடுப்பு பதிவாகியிருக்காது. இன்னொருவருக்குத் தேர்வுநிலை ஆணை வந்தும் நிலுவைத் தொகை வந்திருக்காது. ஓய்வு பெறப்போகிறவரின் கருத்துரு ஒரு கையெழுத்துக்காகத் திரும்பியிருக்கும். இவற்றோடு சந்தா, ரசீது, தீர்மானப் புத்தகம். வலங்கைமான் ஒன்றியத்தில் எங்கள் ஆசிரியர் சங்கக் கிளைக்கு நான் செயலாளரானபோது, இத்தனையும் ஒருவர் தலையில் என்பதே வழக்கமாக இருந்தது.

“யாராவது உதவிக்கு வாங்க” என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். வாட்ஸப்பில் கேட்டால் கும்பிடு படம் வரும். ஆளை நேரில் பார்த்து, இன்ன வேலை, இன்ன மாதம் வரைக்கும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். “பொங்கல் வரைக்கும் சந்தா ரசீது மட்டும் பாத்துக்கிறீங்களா டீச்சர்?” என்றால் மறுப்பவர்கள் குறைவு.

கேட்கும் காலமும் முக்கியம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை வேலை தொடங்கும். பள்ளி திறப்பதும் அதே மாதம். நிலம் வைத்திருக்கும் ஆசிரியரிடம் அப்போது எதையும் ஒப்படைக்கக் கூடாது. தையில் சம்பா அறுவடை. பங்குனியில் பாடைகட்டி மாரியம்மன் திருவிழா, ஊரே நகராது. கூட்டத்தைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினோம். மாலைக் கூட்டம் என்றால் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர்கள் பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தது. தொடக்கப் பள்ளிகளில் பெண்களே அதிகம். அவர்கள் உட்கார முடியாத நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, பொறுப்புக்கு ஆள் வரவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை.

எல்லாவற்றிலும் கடினம், கொடுத்த வேலையை முழுதாகக் கொடுப்பது. பணிப்பதிவேட்டு வேலையை ஆவூர்ப் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் ஏற்றார். நீள நோட்டில் கோடு போட்டு, பெயர், பள்ளி, மனு கொடுத்த தேதி, எந்த சீட்டில் இருக்கிறது, அடுத்து எப்போது கேட்பது என்று எழுதிக்கொண்டார். முதல்முறை கல்வி அலுவலகம் போனபோது, “செயலாளர் வரலையா?” என்று கேட்டிருக்கிறார்கள். “இந்த வேலைக்கு நான்தான் சார் பொறுப்பு” என்று நோட்டை மேசையில் விரித்திருக்கிறார். அதன் பிறகும் உறுப்பினர்கள் எனக்கே போன் செய்தார்கள். பதில் தெரிந்திருந்தாலும், “டீச்சரைக் கேளுங்க, நோட்டு அவங்ககிட்டதான் இருக்கு” என்பேன். நாமே பதில் சொல்லிவிட்டால் மறுநாளே அந்தப் பொறுப்பு நம்மிடம் திரும்பிவிடும்.

இதே வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சென்னையில் தலைமையாசிரியராக இருந்தபோது சென்னை ஆசிரியர் சங்கத்தை நிறுவியவர் அவர். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். 1907-இல் வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அவர் போன பின்னும் கூட்டுறவுச் சங்கம் நூறாண்டு தாண்டி நடக்கிறது. நாம் இல்லாத மாதத்தில் கிளை நடக்கிறதா என்று ஒவ்வொரு செயலாளரும் பதவியில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

பணத்தில் மட்டும் தாட்சண்யம் கூடாது. காசோலைக்கு இருவர் கையெழுத்து. வரவு செலவைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். யார் செய்த வேலையோ அவர் பெயரே தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

ஏற்ற வேலையைச் சிலரால் தொடர முடியாது. வீட்டில் உடம்புக்கு முடியாதவர்கள் இருப்பார்கள், பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இருக்கும். காரணத்தைக் குடையாமல் நோட்டை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்கே போய், முன்னதைவிடச் சின்ன வேலை ஒன்றைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அப்படித் திரும்பி வந்த ஒருவர்தான் இன்று எங்கள் பொருளாளர்.