வனிலாச் செய்கை: சிறு கமக்காரருக்குச் சில குறிப்புகள்

வனிலா என்பது ஓர்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. மெக்சிக்கோ நாட்டுப் பகுதியே இதன் தாயகம். ஐஸ்கிரீம், கேக் முதலியவற்றுக்கு மணமூட்டுவது இதன் பதனிட்ட காயாகும். இலங்கையில் இது பெரும்பாலும் கண்டி போன்ற மழை மிகுந்த பகுதிகளிற் செய்கைபண்ணப்படுகின்றது. பெரியநீலாவணைக் கமக்காரர் இதற்கென வயலை ஒதுக்குதல் தகாது. வீட்டு வளவில், தென்னை நிழலில், பத்துக் கொடிகளை வைத்துப் பார்க்கலாம்.

நிலமும் நிழலும்

நீர் தேங்காத, இலைமக்கு நிறைந்த மண்ணும், பாதி வெயிலும் பாதி நிழலும் வேண்டும். கரையோர மணலில் நீர் நில்லாது. ஆனால் ஈரமும் சத்தும் தங்கா. ஆகையால் கூட்டெருவும் உக்கிய இலைகுழையும் தாராளமாக இடுக. மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் வேர் அழுகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலி மறைப்பும் நீரும் இன்றியமையாதன. கிணற்று நீர் உவராயின் இப்பயிரைத் தொடங்கற்க.

நடுகை

கிளிரிசீடியாக் கதியால்களை 6 அடி இடைவெளியில் முன்னரே நட்டுத் துளிர்க்கவிடுக. 3 அடி நீளத் தண்டை ஒரு வாரம் நிழலில் வைத்து, அடிக்கணுக்கள் மூன்றின் இலைகளை நீக்கி, அக்கணுக்களை இலைமக்கின் கீழ்க் கிடத்துக. வெட்டுவாய் மண்ணிற் புதையலாகாது. 5 அடிக்கு மேல் ஏறும் கொடியை வளைத்துத் தொங்கவிடுக.

மகரந்தச் சேர்க்கை

கொடி மூன்றாம் ஆண்டளவிற் பூக்கும். பூ காலையில் மலர்ந்து அன்று பிற்பகலே வாடும். இங்கே கையினாற் சேர்த்தாலன்றிக் காய் பிடியாது. இதற்குரிய எளிய முறையை 1841 இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன் கண்டறிந்தான். மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் இடையிலுள்ள சிறு மடலை ஈர்க்கினால் உயர்த்தி, மகரந்தத்தைச் சூலகமுடிமீது விரலால் மெல்ல அழுத்துக. நண்பகலுக்கு முன் இதனை முடித்தல் வேண்டும். ஒரு குலையில் 8 முதல் 10 பூக்கள் வரை போதும்.

அறுவடையும் பதனிடலும்

ஏறக்குறைய 9 மாதத்தில், காயின் நுனி மஞ்சளாகும்போது பறிக்கவும். பச்சைக் காய்க்கு மணமில்லை. அதனை 63 முதல் 65 பாகை செல்சியஸ் சுடுநீரில் 3 நிமிடம் அமிழ்த்தி, கம்பளியிற் சுற்றி வியர்க்கவைத்து, சில நாள் வெயிலிலும் பல வாரம் நிழலிலும் உலர்த்தி, மூடிய பெட்டியிற் சில மாதம் வைத்தல் வேண்டும். 1 கிலோ பதனிட்ட காய்க்கு 5 முதல் 6 கிலோ பச்சைக் காய் தேவை.

விலையைப் பற்றி

2000 ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவைச் சூறாவளி தாக்கியபின் விலை ஏறி, 2003 இல் பதனிட்ட காய் கிலோ 500 டொலரளவுக்கு உயர்ந்தது. அதனைக் கண்டு கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் வனிலாவை நட்டனர். 2005 அளவில் விலை பத்திலொரு பங்காக வீழ்ந்தது; புதிதாக நட்டோர் பெருநட்டமடைந்தனர்.

எனவே கமக்காரர் நெல்லையும் மரக்கறியையும் கைவிடாது, வனிலாவை மேலதிக வருவாயாக மட்டும் கொள்க. வாங்குவோர் யாரென அறிந்தும், ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரின் ஆலோசனையைப் பெற்றும் நடுகையைத் தொடங்குக.