பேராக் கரையில் பாசிமணி

தாப்பா வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற வெண்மணல் மேடுகளை நாம் அறிவோம். ஒன்றுக்கும் உதவாதது என்று நாம் கடந்து செல்லும் அத்தகைய சுரங்க மணலிலிருந்து பேராக்கில் கண்ணாடித் தொழிலுக்கான சிலிக்கா எடுக்கப்படுகிறது. பால்மரத்தில் தொங்கிய கண்ணாடி மங்கும் ஒரு காலத்தில் மணலாக இருந்ததே.

மணல் மட்டும் உருக ஏறத்தாழ 1,700 பாகை வெப்பம் வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுண்ணாம்பு சேர்ந்தால் நீரில் கரையாத உறுதி பெறும். இந்நுட்பத்தைப் பழங்காலத்தவர் கையால் ஆண்ட விதத்தை அறிய விரும்புவோர், கெடா மாநிலம் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை சென்றுவரலாம். சுங்கை மாஸ் அகழ்வில் கிடைத்த பாசிமணிகளை அங்கே காணலாம். பெரும்பாலானவை மிளகைவிடப் பெரியவை அல்ல. கோயில் அடித்தளங்களைக் கண்டு வியப்பவர்கள் இவற்றைக் கவனியாது போய்விடுவதுண்டு.

நமக்கு இன்னும் அண்மையான ஊர் ஒன்றும் உண்டு. பேராக்கின் மாத்தாங் சதுப்புக் காட்டிலுள்ள கோலா செலின்சிங்கில் 1928, 1932-ஆம் ஆண்டுகளில் ஐவர் இவான்ஸ் அகழ்வு நடத்தினார். மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் கழிவுகளும் அங்குக் கிடைத்தன. ஆகவே மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் இதே வகை மணிகள் செய்யப்பட்டன. 1945-இல் அங்கு வீலர் அகழ்ந்தார். இத்தொழில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தது என்பார் பலர். செய்த கை தமிழர் கையா, இம்மண்ணின் மக்கள் கையா என்பதை மணி சொல்லாது. ஆயினும் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரு கரைகளுக்கும் தொழில் உறவு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறையில் மணி செய்வோரை அண்மைக்கால ஆய்வாளர் நேரில் கண்டு எழுதியுள்ளனர். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, நடுவே துளையிட்டு, உலையில் வைத்தவாறே ஒருவர் இழுத்துக்கொண்டே போவார். கட்டி இழையாக மெலியும்போது துளையும் கூடவே மெலியும், அடைபடாது. பின்னர் இழையைத் துண்டு துண்டாக வெட்டிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவர். கூரிய விளிம்புகள் உருண்டுவிடும். சாம்பல் நிறைந்திருப்பதால் துளை மூடாது.

உலை வைப்பது வீட்டில் ஆகாத காரியம். ஆனால் துளை மூடாத விந்தையைச் சர்க்கரைப் பாகில் காணலாம். தாப்பாவில் இளைஞர் சிலரோடு நாம் செய்தே பார்த்தோம். நீரில் விழுந்தால் நொறுங்கும் கடும்பாகுப் பதம் வரும்வரை சர்க்கரையைக் காய்ச்சி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினோம். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆகவே சிறுவரை எட்ட நிறுத்துக. மாவுபோல் இளகி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கட்டியாக உருட்டி, எண்ணெய் தடவிய குச்சியால் நடுவே துளையிட்டு, இருவர் இருபுறமும் மெல்ல இழுக்க வேண்டும். அந்தப் பதம் சில நிமிடங்களே நிற்கும். வெட்டுளி பிடித்துப் பழகிய கைக்கு அழுத்தத்தின் அளவு எளிதில் பிடிபடுகிறது. இளைஞரைவிட மூத்தவர்களே நீளமாக இழுத்தனர்.

இறுகிய இழையை ஒடித்துப் பார்த்தால் ஊசி நுழையும் அளவில் துளை தெரியும். அன்றைக்கே தின்றுவிடுவது நல்லது. நம் நாட்டு ஈரக்காற்றில் மறுநாளே பிசுபிசுத்துவிடும்.