படகு விபத்தும் மதுப் பரிசோதனையும்

ஏற்காடு ஏரியில் படகிலோ ஒகேனக்கல்லில் பரிசலிலோ விபத்து நேர்ந்து ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது, "மது அருந்தினாரா?" என்று கேட்கிறோம். வழக்கு வருமோ என அஞ்சி உறவினர் சிலர் மறைத்துவிடுகின்றனர். இக்கேள்வி முதலில் சிகிச்சைக்கானது.

குழறும் பேச்சும் தள்ளாட்டமும் மதுவால் மட்டும் வருவன அல்ல; தலைக்காயம், இரத்தச் சர்க்கரைக் குறைவு, உடல் குளிர்ந்துபோதல் ஆகியவற்றாலும் வரும். மது அருந்தியதை மறைத்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுத் தடைப்படலாம். நாள்தோறும் அருந்துபவருக்கு, நிறுத்திய சில நாள்களில் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும்; முன்பே அறிந்தால் தடுக்கலாம்.

சட்டத்திற்கான பரிசோதனை வேறு. கைதானவரைப் பரிசோதிக்குமாறு காவல் துறை மருத்துவரைக் கோருவதற்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதில் காலம் முக்கியம்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம் குறைகிறது. இதனாலேயே அமெரிக்காவில் வணிகக் கலங்கள் பெருவிபத்துக்குள்ளானால், தொடர்புடைய பணியாளருக்கு 2 மணி நேரத்திற்குள் மதுப் பரிசோதனையும், 32 மணி நேரத்திற்குள் போதைப்பொருள் பரிசோதனைக்கான மாதிரி சேகரிப்பும் நடைபெற வேண்டும். மதுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்குமிடத்தைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைப்பதில்லை. முடிவு பிழைபடக் கூடாது.

ஆகவே என்ன அருந்தினார், எப்போது, எவ்வளவு, எந்த மாத்திரைகளை உட்கொள்கிறார் என்பவற்றைத் தயங்காமல் கூறுங்கள். அவ்வுண்மை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.